சிவப்புப் பெருக்கல் குறி

கோத்தகிரி அலுவலகத்தில் இருபத்தாறு கணினிகள்.
ஒவ்வொன்றிலும் கே, எம், இசட் என்று மூன்று டிரைவ்கள்.
மூன்றும் அங்கே இல்லை.
பாய்லர் அறைக்குப் பின்னால்
சாக்கு போர்த்திக் கிடக்கும் பழைய சர்வருக்கு
வழி காட்டும் பலகைகள், அவ்வளவுதான்.

வெள்ளி இரவு அதை நிறுத்துகிறோம்.
நிறுத்தினாலும் பலகைகள் நிற்கும்.
திங்கள் காலை ஒவ்வொரு கணினியும் விழித்ததும்
அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டும்.
பதில் வராமல், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு
நான்கு நிமிடம் கழித்துத் திரும்பும்.
அந்த நான்கு நிமிடமும் என் கைப்பேசி அடிக்கும்.

மேசை மேசையாகப் போய்க் கழற்றலாம்.
போன தடவை அப்படித்தான்,
நான் கொள்முதல் பிரிவுக்கு நகர்வதற்குள்
கணக்குப் பிரிவில் யாரோ மறுபடி மாட்டிவிட்டார்கள்.

ஆகவே ஸ்கிரிப்ட்.
டிபன் பாக்ஸ் திறக்காமல் எழுதிய பதினோரு வரி.
இருப்பதை எண்ணு, ஒவ்வொன்றாய்க் கழற்று,
கழற்றியதைக் குறித்து வை.
கோப்பு திறந்திருந்தால் கணினி கேட்கும்:
வலிந்து மூடட்டுமா?
ஆமாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன்,
இருபத்தாறு பேருக்கும் சேர்த்து.
சாப்பிட்டுக் கை கழுவி வந்து
இல்லை என்று மாற்றினேன்.
காரணம் கேட்டால் தெரியாது.
தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தது.

இன்னொன்று:
என் நாற்காலியிலிருந்து பார்த்தால்
அவர்கள் டிரைவ் எதுவும் எனக்குத் தெரியாது.
யார் பெயரில் நுழைந்தார்களோ அவர்களுக்கே அந்தப் பலகை.
நிர்வாகி என்றாலும் எனக்கு என்னுடையதுதான்.
அதனால் ஸ்கிரிப்டை ஒவ்வொருவர் கணக்குக்குள்ளும் அனுப்பி
மாலை ஆறுக்கு
உள்ளிருந்தே கழற்றச் சொன்னேன்.

ஆறு.
மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது.
பதிவில் வரிகள் விழுந்தன.
கழற்றியாயிற்று. கழற்றியாயிற்று.
மேலாளர் பிரசன்னகுமாரிடம் எக்ஸ் என்று நான்காவது ஒன்று.
என்னவென்று நான் பார்க்கவில்லை,
கழற்றியாயிற்று.
இருபத்தைந்து.

இருபத்தாறாவது: கோப்பு திறந்திருக்கிறது.
எடை மேடை. சிவபாக்கியம்.

போன் எடுக்கவில்லை.
கைவிளக்கோடு சரிவில் இறங்கினேன்.
பாதி வழியில் ஒரு காட்டுமாடு
தேயிலைக்கு நடுவே நின்று
என்னை நிதானமாகப் பார்த்தது.
அதனிடம் எந்த ஸ்கிரிப்டும் செல்லாது.
அது நகரும்வரை நின்றேன்.

கீழ்க்கோத்தகிரி லாரி தாமதம்.
மேடையில் மூட்டைகள், மூட்டைக்குப் பக்கத்தில் ஆட்கள்.
பெள்ளி, முப்பத்தேழு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கழிவு.
“மழைக்கும் நானா பொறுப்பு?”
சிவபாக்கியம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, கே போகப்போகுது.”
“போகட்டும். இன்னும் ஒன்பது பேர்.”

ஒன்பது பேரும் முடியும்வரை
ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.
பச்சை வாசனை, ஈரம், பேன்ட்டெல்லாம்.

“இனிமே எங்க எழுதணும்?”
“எஸ்-ல அக்கா.”
“பழசெல்லாம் அதுல இருக்குமா?”
“இருக்கும்.”
“பத்தொம்பதாம் வருசம்?
அந்தக் கழிவுக் கணக்கை இவங்க இன்னும் கேக்குறாங்க.”
“இருக்கு,” என்றேன்.
பார்த்ததில்லை.

அவர் சேமித்தார், மூடினார், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
அங்கிருந்தே ஓட்டினேன்.
கழற்றியாயிற்று, இருபத்தாறு.

மேலே ஏறி வந்து
எஸ்-ல் பத்தொன்பதைத் திறந்தேன்.
ஜூலை இருந்தது.
ஆகஸ்ட் இருந்தது, ஒவ்வொரு மூட்டையின் ஈரத்தோடும்.
செப்டம்பர் பதினொன்றோடு நின்றிருந்தது.

பாய்லர் அறைக்குப் பின்னால் போய்ச்
சாக்கை விலக்கிப் பார்த்தேன்.
பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.
அன்றிரவு அதை நிறுத்தவில்லை.
இப்போது அதற்கு வழி தெரிந்தவன்
நான் ஒருவன்தான்.